முக நரம்பும் நாள் கணக்கும்

(சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். "டாக்டர், சர்க்கரை வியாதி மட்டும் வேண்டாம். போன தடவை ஒருத்தர் அதைப் பேசிட்டுப் போனார், பாயசம் அண்டாவோட திரும்பிப் போச்சு" என்றார். ஆகவே பாயசத்துக்குத் தீங்கு செய்யாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். தலையில் அடிபட்டவருக்கு முகத்தின் ஒரு பக்கம் அசைவில்லாமல் போவதும், நரம்பை ஆபரேஷன் செய்து அதை மீட்பதும்தான் இன்றைய பேச்சு.

இது டாக்டர்கள் மாநாட்டில் பேச வேண்டியதாயிற்றே, இங்கே எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், தேர்வாய்கண்டிகையிலும், காக்களூர் தொழிற்பேட்டையிலும் மேனேஜராக, ஃபோர்மேனாக, ஆளெடுப்பு அதிகாரியாக, சிலர் முதலாளியாகவே இருக்கிறீர்கள். காது மூக்கு தொண்டை டாக்டராக நான் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். இந்தச் சிகிச்சையில் டாக்டர் செய்ய வேண்டிய வேலை பாதி. அடிபட்ட இடத்தில் பக்கத்தில் நின்றவர் செய்ய வேண்டியது மீதிப் பாதி. அந்தப் பக்கத்தில் நிற்கிறவர் பெரும்பாலும் நீங்கள்தான், அல்லது உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்.

நம் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியாததில்லை. ஒரு பக்கம் ரோலிங் மில், வார்ப்படப் பட்டறை, கம்பிக் கட்டுகளைத் தூக்கும் கிரேன். இன்னொரு பக்கம் கல்கத்தா நெடுஞ்சாலை. நாம் அஞ்சாம் நம்பர் ரோடு என்று பழகியதற்கு இப்போது நம்பர் 16. ராத்திரி ஷிப்ட் விட்டதும் கவரைப்பேட்டை பக்கமும் தச்சூர் கூட்டு ரோடு பக்கமும் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் போகும். ஓரத்தில் விளக்கில்லாமல் ஒரு டிரெய்லர் நிற்கும். மீதியை நான் சொல்ல வேண்டாம்.

ஒரு காலத்தில் தலையில் பலத்த அடி என்றால் ஆள் பிழைப்பாரா என்பது ஒன்றுதான் கேள்வி. டாக்டர் பி. ராமமூர்த்தி அவர்கள் சென்னை பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியதே 1950-ல்தான். இன்றைக்கு 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. உயிர் பிழைப்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். பிழைத்து எழுந்து கண்ணாடி பார்க்கும்போதுதான் சிலருக்கு அடுத்த கேள்வி வருகிறது. "சார், என் வாய் ஏன் இப்படி இருக்கு?"

இந்த நரம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகத்தில் கிள்ளினால் வலி தெரிவது ஒரு நரம்பாலே. சிரிப்பது, கண் மூடுவது, ஊதுவது எல்லாம் இன்னொரு நரம்பாலே. இந்த இரண்டாவதுதான் முக நரம்பு. மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடியில் இது 7-வது. இந்த இரண்டும் வேறு வேறு என்று லண்டனில் சார்லஸ் பெல் என்ற சர்ஜன் 1821-ல் எழுதினார். "பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன், காத்து பட்டு வாய் கோணிடுச்சு" என்று வருகிறார்களே, அந்த வியாதிக்கு அவர் பெயர்தான். அது அடிபடாமலே வருவது, பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். நான் பேசுவது அதைப் பற்றி இல்லை.

வாய் கோணினால் உடனே பக்கவாதம் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு வித்தியாசம் சொல்கிறேன். "நெற்றியைச் சுருக்கு" என்று சொல்லுங்கள். பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கும். ஏனென்றால் நெற்றிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் உத்தரவு வருகிறது. முக நரம்பே அடிபட்டிருந்தால் அந்தப் பக்க நெற்றி இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும், கண்ணும் மூடாது. எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். இது தெரிந்துகொள்ளச் சொன்னது.

இந்த நரம்பு மூளையை விட்டதும் நேராக முகத்துக்கு வருவதில்லை. காது எலும்புக்குள் நுழைந்து, சுமார் 3 சென்டிமீட்டர் எலும்புக் குழாய்க்குள்ளேயே வளைந்து நெளிந்து வந்து, காது மடலுக்குக் கீழே வெளியே வருகிறது. உடம்பில் வேறெந்த நரம்பும் இவ்வளவு தூரம் எலும்புக் குழாய்க்குள் போவதில்லை. குழாயின் மிகக் குறுகலான இடத்தில் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இங்கே எலெக்ட்ரிக்கல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். ஆயிரக்கணக்கான இழை உள்ள கேபிளை, இம்மியளவும் இடம் விடாத கான்ட்யூட்டுக்குள் நுழைத்து, அந்தக் கான்ட்யூட்டை மூன்று இடத்தில் வளைத்தால் எப்படி? அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சுவர் விரிசல் விட்டால் மூன்றில் ஒன்று நடக்கலாம். நரம்பு வீங்கி இடமில்லாமல் நெரிபடலாம். எலும்புச் சில்லு குத்தி நிற்கலாம். அல்லது நரம்பே அறுந்து போகலாம்.

பாடப் புத்தகக் கணக்குப்படி காது எலும்பு முறிவில் 100-க்கு 80 நீளவாட்டில், 20 குறுக்குவாட்டில். நீளவாட்டு முறிவில் 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு முகம் செயலிழக்கும். குறுக்குவாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. குறுக்கே முறிந்தால் கேட்கும் சக்தியும் பெரும்பாலும் போய்விடும். வெளியே தெரிகிற அடையாளங்கள் என்ன என்றால், காதிலிருந்து ரத்தம் வரும், சில சமயம் தண்ணீர் மாதிரி மூளைத் திரவம் வரும், ஒன்றிரண்டு நாளில் காதுக்குப் பின்னால் நீலம் பாரிக்கும். அப்போது தயவு செய்து காதில் பஞ்சு திணிக்காதீர்கள், எண்ணெய் விடாதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நரம்பு நெரிந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டிலும் முகம் ஒரே மாதிரி தொங்கும். ஆனால் எப்போது தொங்கியது என்பதை வைத்து நிறையச் சொல்லலாம். அடிபட்ட பிறகு முகம் நன்றாக அசைந்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் தொங்கினால் நரம்பு அறுந்திருக்க முடியாது. அது வீக்கம். ஸ்டீராய்டு மருந்தும் கண் பராமரிப்பும் கொடுத்துக் காத்திருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும், கத்தி எடுக்க வேண்டியதில்லை. அடிபட்ட அந்த நிமிஷத்திலேயே முழுசாகத் தொங்கியிருந்தால் கதை வேறு. அறுந்திருக்கலாம், சில்லு குத்தியிருக்கலாம். அவரைத்தான் ஆபரேஷனுக்கு யோசிக்க வேண்டும்.

எங்களிடம் வரும்போது நோயாளிக்கு அந்த ஞாபகம் இருக்காது, மயக்கத்தில் இருந்தவர். ஆஸ்பத்திரிச் சீட்டில் சில சமயம் இருக்கும், சில சமயம் இருக்காது. மூச்சுக்குழாய் போடுவதா, மூளையில் ரத்தக்கட்டை எடுப்பதா என்று உயிருக்குப் போராடும் நேரத்தில் முகம் கோணியதா என்று எல்லா சமயமும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. பார்த்தவர் ஒருவர்தான், கூட இருந்தவர்.

ஒரு சம்பவம். ரோலிங் மில்லில் ஃபிட்டராக இருந்த பொன்னேரி பக்கத்துப் பையன், ஒன்பதாம் நாள் எங்களிடம் வந்தான். முகத்தின் வலது பக்கம் முழுசாக அசைவில்லை. எப்போதிலிருந்து என்று வீட்டாரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா "ஆஸ்பத்திரியில பார்த்தப்பவே இருந்துச்சு" என்றார். மாமா "இல்லே, மூணாம் நாள்தான்" என்றார். மில் வாட்ச்மேன் ஒரு பெரியவர், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர், கதவோரம் நின்றவர் மெதுவாகச் சொன்னார். "ஐயா, விழுந்த உடனே நான்தான் தூக்கினேன். ஒரு கண்ணு மூடியிருந்துது, இந்தப் பக்கத்துக் கண்ணு தெறந்தபடியே இருந்துது. வலியில முனகினான், வாய் ஒரு பக்கமாவே இழுத்துச்சு. தண்ணி ஊத்தினேன், இந்தப் பக்கமாவே வழிஞ்சுது."

மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். அதையும் பெரியவரிடம் சொன்னேன். ஆனால் அவர் சொன்ன அந்த நாலு வரிதான் எங்களுக்கு வழிகாட்டியது. காது எலும்புக்கு நுண்ணிய சி.டி. ஸ்கேன் எடுத்தோம். முறிவுக் கோடு நரம்புக் குழாயின் மேலேயே போயிருந்தது. நரம்புக்கு மின் பரிசோதனையும் செய்தோம்.

அந்த மின் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. நரம்பு அறுந்த உடனே செய்தால் அது பொய் சொல்லும். அறுந்த நரம்பின் முனைப் பகுதி மூன்று நாள் வரை உயிரோடிருந்து, கரண்ட் கொடுத்தால் முகத்தை அசைத்துக் காட்டும். 72 மணி நேரத்துக்குப் பிறகுதான் உண்மை தெரியும். இரண்டு வாரத்துக்குள் 100-க்கு 90 பங்குக்கு மேல் இழைகள் செத்துவிட்டன என்று தெரிந்தால் ஆபரேஷனை யோசிக்க வேண்டும் என்பது ஜூரிக் நகரத்து டாக்டர் ஊகோ ஃபிஷ் வகுத்த கணக்கு. பாருங்கள், உயிர் காக்கும் திட்டத்துக்கு 48 மணி நேரம். முகத்துக்கு அதற்கப்புறம்தான் கணக்கே தொடங்குகிறது. அதற்குள் பலர் டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருப்பார்கள்.

பையனுக்குப் பதினேழாம் நாள் ஆபரேஷன். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி குழாயைத் திறந்தோம். சில்லு குத்தி நரம்பு நைந்து அறுந்திருந்தது. நைந்ததை வெட்டி எடுத்தால் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி. இழுத்துப் பிடித்துத் தைத்தால் பலிக்காது. இழுவை இருந்தால் நரம்பு ஒட்டாது என்பதை வியன்னாவின் ஹன்னோ மில்லேசி நிரூபித்துக் காட்டினார். ஆகவே கழுத்திலிருந்து காது மடலுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் ஒரு நரம்பில் ஒரு துண்டு எடுத்து நடுவில் வைத்தோம். நீளம் அதிகம் வேண்டுமென்றால் கெண்டைக்காலிலிருந்து எடுப்பது உண்டு. கொடுத்த இடத்தில் கொஞ்சம் மரத்துப் போகும், அவ்வளவுதான் விலை. தைப்பதற்குத் தலைமுடியை விட மெல்லிய நைலான் இழை. குழாய்க்குள்ளே ஊசி ஓட்ட இடமில்லாவிட்டால் ரத்தத்திலிருந்து செய்த ஒருவகைப் பசையால் ஒட்டுவோம்.

வயரை இணைத்தால் உடனே பல்பு எரியும். நரம்பு அப்படி இல்லை. நாங்கள் இணைப்பது வெறும் உறை. மூளைப் பக்கத்து இழைகள் அந்த உறைக்குள் புதிதாகத் துளிர்த்து, நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளர்ந்து, வாயோரம் வரை போக வேண்டும். பையன் மாதாமாதம் வந்தான். நாலு மாசம் ஒன்றுமில்லை, ஐந்து மாசம் ஒன்றுமில்லை. அம்மா என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஏழாவது மாசம் வாயோரம் லேசாகத் துடித்தது. ஒரு வருஷத்தில் கண் மூடியது. "இப்ப டீ குடிச்சா சட்டையில வழியலை சார்" என்றான்.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். துண்டு நரம்பு வைத்து இணைத்தால் முகம் பழையபடி நூற்றுக்கு நூறு ஆவதில்லை. இழைகள் வளரும்போது வழி மாறிப் போகும். வாய்க்குப் போக வேண்டியது கொஞ்சம் கண்ணுக்குப் போய்விடும். அதனால் அந்தப் பையன் சிரித்தால் வலது கண்ணும் கூடவே சுருங்கும். 1985-லிருந்து நாங்கள் பயன்படுத்தும் ஆறு படி மதிப்பெண்ணில் முதல் படி இயல்பு, ஆறாவது படி அசைவே இல்லை. இந்த ஆபரேஷனில் மூன்றாவது படி கிடைத்தால் அதுவே முதல் வகுப்பு.

இன்னொருவர் கதை இப்படி முடியவில்லை. ஒடிசாவிலிருந்து வந்து ஒரு உலையில் உதவியாளராக இருந்த இளைஞர். விபத்தில் பிழைத்தார். "உயிர் வந்ததே பெரிசு" என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் நம்பினார். கான்ட்ராக்டர் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பினார். இரண்டரை வருஷம் கழித்துத் திரும்ப வேலைக்கு வந்தபோது யாரோ சொல்லி எங்களிடம் வந்தார். பேசும்போது துண்டால் வாயை மறைத்துக்கொள்வார். வீடியோவில் முகம் தெரியும் என்று அம்மாவுக்கு வெறும் போன் மட்டும்தான் பேசுவாராம். அவர் கேட்டது, "அந்த நரம்பு ஆபரேஷனை எனக்கும் செய்யுங்கள்" என்று.

செய்து பயனில்லை. நரம்பில்லாத தசை சுமார் ஒன்று, ஒன்றரை வருஷம்தான் காத்திருக்கும். பிறகு சுருங்கி நாராகிவிடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல நரம்பைக் கொண்டுபோய் இணைத்தாலும், வண்டி வந்து சேரும்போது ஸ்டேஷனே இருக்காது. முக நரம்பு ஆபரேஷனில் இன்றுவரை யாராலும் மீற முடியாத கெடு இதுதான்.

அந்தக் கெடுவுக்குள் வந்தால் இன்னும் வழிகள் உண்டு. நரம்பின் மூளைப் பக்கத்து முனை கெட்டுப் போயிருந்தால் பக்கத்து நரம்பைக் கடன் வாங்கலாம். 1895-லேயே லண்டனில் சார்லஸ் பாலன்ஸ் தோள் நரம்பை முக நரம்போடு இணைத்தார். முகம் அசைந்தது, ஆனால் தோளை அசைத்தால்தான் முகம் அசையும்! 1901-ல் பெர்லினில் கோர்ட்டே நாக்கு நரம்பை எடுத்துக்கொண்டார். இப்போது மெல்லும் தசையின் நரம்பில் ஒரு கிளையை எடுக்கிறோம். முதலில் பல்லைக் கடித்தால் சிரிப்பு வரும், பழகினால் பலருக்குக் கடிக்காமலே வரும். காது எலும்புக்குள்ளேயே அறுந்த நரம்பைத் தைக்கலாம் என்று ஸ்டெர்லிங் பன்னெல் எழுதியது 1927-ல்.

கெடு தாண்டியவர்களுக்குப் புதுத் தசைதான் கொண்டுவர வேண்டும். நெற்றிப் பொட்டில் இருக்கும் தசையை இறக்கி இமைக்கும் வாய்க்கும் கட்டலாம். இது நமக்குப் புதிதல்ல. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளை மீட்ட அதே காலகட்ட முயற்சிகளின் தொடர்ச்சியாக, மூடாத கண்களுக்கு இந்த ஆபரேஷனை அங்கே பக்கத்தில் கரிகிரியில் செய்துவந்தார்கள். தொழுநோயும் முக நரம்பைத் தாக்கும் வியாதிதானே. தொடையிலிருந்து ஒரு மெல்லிய தசையை ரத்தக் குழாயோடும் நரம்போடும் எடுத்து முகத்தில் பொருத்துவதை 1976-ல் ஜப்பானின் ஹாரீ வெளியிட்டார். ஒடிசா இளைஞருக்குப் பொட்டுத் தசை ஆபரேஷன் நடந்தது. பேசும்போது இப்போது துண்டு இல்லை. ஆனால் அவருக்குக் கிடைத்தது கட்டிக்கொடுத்த சிரிப்பு. நேரத்தில் வந்திருந்தால் அவருடைய சொந்தச் சிரிப்பில் முக்கால்வாசியாவது கிடைத்திருக்கலாம்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. வாய் கோணினால் ஊர் பார்க்கும்; கண் மூடாவிட்டால் பார்வையே போகும். இமை மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வந்து வெள்ளை விழுந்துவிடும். இரும்புத் தூளும் கிரைண்டர் பொறியும் பறக்கிற நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, ராத்திரி களிம்பு தடவி இமையை மூடி டேப். முதல் நாளிலிருந்தே. தேவைப்பட்டால் இமையைக் கொஞ்ச காலம் தைத்தும் வைப்பார்கள், அல்லது மேல் இமைக்குள் சிறு தங்க எடை வைப்பார்கள்.

ஹெல்மெட் பற்றி ஒரே ஒரு சங்கதி. ஷிப்ட் விட்டு வரும்போது மில்லில் கொடுத்த மஞ்சள் தொப்பியையே போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்கு ஐ.எஸ். 2925 என்று தர எண். மேலிருந்து பொருள் விழுந்தால் காப்பாற்ற வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு உரியது ஐ.எஸ். 4151. காது எலும்பு தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, மஞ்சள் தொப்பி அதை மூடவே மூடாது. போலீஸ்காரருக்குக் காட்ட அது போதலாம், தார் ரோட்டுக்குப் போதாது.

கடைசியாக, இங்கே இருக்கும் மேனேஜர்களிடமும் ஃபோர்மேன்களிடமும் நான்கு வேண்டுகோள்.

ஒன்று: தலையில் அடிபட்ட ஆளை 108-ல் ஏற்றும்போது, அதற்காக ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், முகத்தைப் பாருங்கள். இரண்டு கண்ணும் மூடுகிறதா, வலியில் முகம் இரண்டு பக்கமும் சுளிக்கிறதா? நேரத்தோடு ஒரு சீட்டில் எழுதுங்கள். கூடப் போகிறவர் செல்போனில் பத்து விநாடி வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. அதை டாக்டரிடம் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், குரூப்பில் போட வேண்டாம்.

இரண்டு: முகம் அசையவில்லை என்றால் முதல் வாரத்திலேயே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனை அப்படியொன்றும் தூரமில்லை.

மூன்று: வெளி மாநிலத் தொழிலாளியை ஊருக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் கையில் கொடுத்தனுப்புங்கள். முகம் ஆறு மாசத்தில் அசையாவிட்டால் ஒரு வருஷத்துக்குள் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய பாஷையில் சொல்லுங்கள்.

நான்கு: "உயிர் வந்ததே பெரிசு, முகத்துக்கென்ன" என்று யாரும் சொல்லாதீர்கள். 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையே மிகக் கடுமையான முகச் சிதைவை, இரண்டு கையும் போனதற்குச் சமமாக, நூற்றுக்கு நூறு ஊனம் என்று எழுதியது. சட்டத்துக்கே தெரிந்த விஷயம் இது.

இருபது நிமிஷம் என்றார்கள், இரண்டு நிமிஷம் கூடிவிட்டது. இன்றைய பாயசத்தை யாரும் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.